வெங்காயக் கலர் சேலையில் ஒரு மஞ்சள் பொட்டு

ஒற்றை ஸ்டார் விழுந்த அன்று காலையில் நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, எங்கே பொங்கி வழிந்துவிடுமோ என்று கரண்டியும் கையுமாக அதையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன். மேடை மேல் கிடந்த போன் ஒருமுறை சிணுங்கியது. எடுத்துப் பார்த்தேன். எங்கள் கடையின் பெயருக்குக் கீழே ஒரு ஸ்டார் மட்டும் நிறத்தோடு இருந்தது, மீதி நாலும் வெளுத்துக் கிடந்தன. அதற்கடியில் தமிழில் எழுதியிருந்தார்கள்.

"பழைய சேலை. யாரோ மஞ்சள் வைத்துக் கட்டி அவிழ்த்ததை மடித்து அனுப்பி இருக்கிறார்கள். நம்பி ஏமாந்தேன். யாரும் வாங்காதீர்கள்."

கூடவே ஒரு போட்டோ. நான் அனுப்பிய வெங்காயக் கலர் சேலைதான். அதன் ஒரு முனையில் பச்சைப்பயறு அளவுக்கு ஒரு மஞ்சள் பொட்டு.

பால் எப்போது பொங்கியது என்று எனக்குத் தெரியாது.

புதுத்துணியின் ஒரு முனையில் மஞ்சளைத் தொட்டு வைத்துவிட்டுக் கட்டுவது நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இருப்பதுதான். யார் கட்டப் போகிறார்களோ அவர்கள் வீட்டில் வைப்பார்கள். மஞ்சள் வைத்தாகிவிட்டது என்றால் அந்தத் துணிக்கு ஆள் வந்துவிட்டது என்று அர்த்தம். வாங்கிப் பிரிக்கும்போதே மஞ்சள் இருந்தால் அது வேறு யாருக்கோ ஆகி, அங்கிருந்து வந்த துணி. வாங்கியவளிடம் எத்தனை சமாதானம் சொன்னாலும் எடுபடாது. அவள் இடத்தில் நான் இருந்தாலும் எடுபட்டிருக்காது.

கடை என்றால் கதவும் பலகையும் உள்ள கடை இல்லை. சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு போகிற வழியில் எங்கள் ஊர். எங்கள் வீட்டு முன்னறைதான் கடை. சுற்றுவட்டத்தில் தறி போட்டிருப்பவர்களிடம் சேலை எடுத்து, கொடியில் போட்டுப் போட்டோ பிடித்து, ஆன்லைனில் விற்கிறேன். நான் எட்டாவதோடு நின்றவள். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போன வருஷம் நின்றது, பிறகு யாரும் போகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதனால் அந்த ஆப்பில் வரும் இங்கிலீஷ் எல்லாம் எனக்கு நிறம்தான். பச்சை வந்தால் நல்லது, சிவப்பு வந்தால் ஏதோ கெட்டது.

பயம் என் கூடவே பிறந்தது. கேஸை மூடிவிட்டு மூன்று தடவை தொட்டுப் பார்ப்பேன். வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாப் வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். "அந்தப் பூட்டு உன்ற கைக்குப் பயந்தே தேஞ்சு போயிரும்" என்று வீட்டுக்காரர் சொல்வார். இந்தப் பயத்தால் ஒரே ஒரு நன்மை உண்டு. ஒவ்வொரு பார்சல் கட்டும்போதும் போனைச் சர்க்கரை டப்பா மேல் சாய்த்து வைத்து வீடியோ எடுத்துவிடுவேன். சேலையை விரித்து இரண்டு பக்கமும் காட்டி, "கிழிசல் இல்லீங்க, கறை இல்லீங்க" என்று வாயாலும் சொல்லிவிட்டுத்தான் மடிப்பேன். பின்னால் ஏதாவது தகராறு வந்தால் இருக்கட்டும் என்று எடுப்பது. ஒரு தடவையும் தேவைப்பட்டதில்லை.

வீட்டுக்காரர் பதினாறு வருஷம் ரிக் வண்டியில் இருந்தவர். போர்வெல் போடும் வண்டி. எங்கள் பக்கத்து ஆண்களில் பாதிப்பேர் அப்படித்தான், வண்டி போகும் ஊரெல்லாம் போய் வருஷத்தில் இரண்டு மாதம் வீட்டில் இருப்பார்கள். அவருக்கு முதுகுத்தண்டில் தட்டு நகர்ந்து, போன வருஷம் இறங்கி வந்துவிட்டார். அதற்கப்புறம்தான் நான் சும்மா பொழுதுபோக்காக ஆரம்பித்த சேலைக் கடை எங்கள் இரண்டு பேருக்கும் வேலையானது. நான் படம் பிடிப்பேன், மடிப்பேன். அவர் கவரில் போட்டு, டேப் ஒட்டி, கொரியர்காரரிடம் கொடுப்பார்.

ஆனால் ரிக் முதலாளி அவரை விடவில்லை. மாதம் ஒருமுறை போன் பண்ணுவார். "ஆயுத பூஜை முடிஞ்சதும் வண்டி கெளம்புது, வாறியா?" இவரும் முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லமாட்டார். என்னிடம் மட்டும் சொல்வார்: "கடை ஓடற வரைக்கும் ஓடட்டும். நின்னு போச்சுன்னா நான் மறுக்கா வண்டிக்குப் போயிக்கறேன்." பரண் மேல் அவர் வண்டிக்குக் கொண்டுபோகும் காக்கிப் பை அப்படியே இருந்தது. நான் அந்தப் பக்கம் நிமிர்ந்தே பார்ப்பதில்லை.

கடை நின்று போவதற்கு என்ன வழி என்பதும் எனக்குத் தெரியும். அந்த ஆன்லைன்காரர்கள் வைத்திருக்கும் மார்க். அது ஒரு கோட்டுக்குக் கீழே இறங்கினால் கடையை மூடி வைத்துவிடுவார்கள். நாங்கள் கோட்டுக்குக் கொஞ்சம் மேலேதான் இருந்தோம். சின்னக் கடைக்கு ஒரு ஒற்றை ஸ்டார் என்பது பெரிய அடி. அதுவும் தமிழில் எழுதி, போட்டோவும் போட்டு.

அன்று காலை அவர் ஊரில் இல்லை. முதுகு டாக்டரைப் பார்க்க முதல் பஸ்ஸில் சேலம் ஃபேர்லேண்ட்ஸுக்குப் போயிருந்தார். போன் பண்ணிச் சொல்லலாமா என்று நினைத்தேன். சொன்னால் அங்கேயே "அப்பச் சரி, வண்டிக்குப் போறேன்" என்று முடிவு கட்டிவிடுவார் என்று பயந்து சொல்லவில்லை. தீய்ந்த பாலைக்கூடத் துடைக்காமல் உட்கார்ந்து நானே பதில் எழுதினேன். வாங்கியவர்கள் எழுதியதற்குக் கீழே கடைக்காரர் பதில் எழுத ஒரு இடம் உண்டு. எல்லாரும் படிக்கலாம்.

"எங்களிடம் பழைய சேலையே கிடையாது. விரித்துக் காட்டி வீடியோ எடுத்துத்தான் அனுப்புகிறோம். விசேஷத்துக்கு மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு மறுநாள் பழசு என்று சொல்வது நீங்கள். மனசாட்சி இருக்கிறதா?"

இப்படிக் கட்டிவிட்டுத் திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள் என்று சேலை விற்கிற எல்லாருமே சொல்வார்கள். எனக்கு நடந்ததில்லை. நடக்கும் நடக்கும் என்று நான்தான் தினமும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் நடந்துவிட்டது என்று நம்புவதற்கு ஒரு நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை. எழுதி முடித்து அமுக்கியதும் உடம்பில் ஒரு தெம்பு வந்தது. அந்தத் தெம்பை இன்று நினைத்தால் கூசுகிறது.

அடுத்து கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். ஒரு பெண் பேசினார்.

"சொல்லுங்க மேடம்."

"ஏனுங்க, பொய்யா ஒருத்தர் ஒத்த ஸ்டார் போட்டுட்டாங்க. அத எடுக்கோணுமுங்க."

"டிஸ்ப்யூட் போட்டுத் தர்றேன் மேடம். பேக்கிங் வீடியோ இருக்கா மேடம்?"

"இருக்குதுங்க! எல்லாத்துக்கும் இருக்குதுங்க!" பரீட்சையில் படித்த கேள்வி வந்த மாதிரி கத்தினேன்.

"நாளைக்குச் சாயந்தரத்துக்குள்ள அப்லோட் பண்ணுங்க மேடம். ரெண்டு நிமிஷத்துக்குள்ள இருக்கணும். வீடியோல கறை இல்லைன்னு தெரிஞ்சா ரிவ்யூவை எடுத்துடுவாங்க."

"எடுக்குலீன்னா கடைய மூடிருவீங்களா?"

"அது சிஸ்டம் முடிவு பண்ணும் மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?"

வேறு என்ன உதவி. வீடியோவைத் தேடி எடுத்தேன். போன வாரம் வெள்ளிக்கிழமை எடுத்தது, அன்றைய முதல் பார்சல். நாலு நிமிஷத்துக்கு மேல் ஓடியது. எங்கே வெட்டலாம் என்று பார்க்க முதலிலிருந்து ஓடவிட்டேன். எடுத்து வைத்த வீடியோ ஒன்றை முழுதாகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

நான் வருகிறேன். சேலையை விரிக்கிறேன். "கிழிசல் இல்லீங்க, கறை இல்லீங்க." முந்தானை, உடல், உள்முனை எல்லாம் காட்டுகிறேன். சுத்தமாக இருக்கிறது. மடித்து வைக்கிறேன். பிறகு விலாசம் ஒட்டும் தாளை எடுக்க உள்ளறைக்குப் போகிறேன். படத்தில் சேலை மட்டும் தனியாக இருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து ஓரத்திலிருந்து ஒரு கை வருகிறது. சட்டைக் கையை மடித்துவிட்ட, வலது கட்டைவிரல் நகம் கறுத்த கை. ரிக்கில் ராடு விழுந்து கறுத்த நகம் அது. இன்னொரு கையில் சின்னக் கிண்ணம். சேலையின் உள்முனையை மெல்ல எடுத்து, மோதிர விரலால் மஞ்சளைத் தொட்டு, ஒரே ஒரு பொட்டு. அப்புறம் அந்த விரலைத் தன் கண்ணில் ஒற்றிக்கொள்கிறது. முனையை மறுபடி மடிப்புக்குள் தள்ளிவிட்டுப் போய்விடுகிறது. நான் திரும்பி வருகிறேன். கவர் மூடுகிறது. டேப் ஒட்டுகிறது.

ஐந்தாறு தடவை ஓடவிட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அந்தக் கை வந்தது.

அப்புறம் நான் செய்ததையும் எழுதியாக வேண்டும். நடுவில் இருந்த அந்தத் துண்டை வெட்டினேன். கஷ்டமே இல்லை. முதலில் விரித்துக் காட்டியது, கடைசியில் கவர் மூடியது, இரண்டையும் ஒட்டினால் கணக்காக இரண்டு நிமிஷத்துக்குள் வந்தது. அவர்கள் கேட்டதும் அதுதானே. புது வீடியோவைச் சேமித்து வைத்தேன். அனுப்பும் பொத்தான் மேல் விரலை வைத்துவிட்டு எடுத்துவிட்டேன். அவர் வரட்டும் என்று இருந்தேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்.

"என்னம்மிணி, பால் தீஞ்ச வாசம் வருது?"

"அது காலைல. டாக்டரு என்ன சொன்னாருங்க?"

"ஊட்டுல இருந்தா ஒண்ணும் பண்ணாதாமா. மறுக்கா ரிக்குல ஏறுனா, வாரப்ப படுத்துட்டுத்தே வரோணும்ங்கறாரு." ஏதோ பக்கத்து வீட்டுக்காரர் முதுகைப் பற்றிச் சொல்வது போல் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

நான் போனை நீட்டினேன். வெட்டாத வீடியோ.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "நம்ம பேக்கிங்குதே. என்ன இப்ப?"

"பொறுங்க. வருது பாருங்க. இந்தக் கை யாருதுங்க?"

"என்றதுதே. நகத்தப் பாத்தா தெரியலியா?"

"அந்தக் கை என்ன பண்ணுது?"

"மஞ்ச வெக்குது." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "ஏன், வெக்கக் கூடாதா?"

"எத்தன நாளா வெக்கறீங்க?"

"ஆடி மொத வெள்ளியிலருந்து. வெள்ளிக்கெழம மொத பார்சலுக்கு மட்டுந்தே. வெச்சதுக்கு அப்பறம் ஆர்டரு எப்புடி ஏறுச்சு, நீயே பாத்தயில்ல?"

"அது ஆடித் தள்ளுபடிக்கு ஏறுனதுங்க!"

"அப்படிங்கற?"

அதற்கு முன் போன வெள்ளிக்கிழமைச் சேலைகளை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். கரும்பச்சை, அரக்கு, காப்பிக்கொட்டை, மறுபடியும் அரக்கு. எல்லாம் அடர்ந்த நிறம். மஞ்சள் தெரிந்திருக்காது. தெரிந்து யாராவது சொல்லாமல் இருந்துவிட்டார்களோ என்று ஒரு புதுப் பயம் வந்து உட்கார்ந்தது. அதைத் தள்ளி வைத்துவிட்டு அந்த அம்மா எழுதியதைப் படித்துக் காட்டினேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "கட்டி அவுத்ததுன்னா எழுதியிருக்குது?"

"ஆமாங்க."

"பதினாறு வருசம் பிட்டுக்கு மஞ்ச வெக்காம ஒரு போருகூட எறக்குனதில்லையம்மிணி. ஒரே ஒரு நாள் மறந்தோம். அன்னைக்கு ராடு பூரா உள்ளயே மாட்டிக்கிச்சு."

"அது பூமியத் தொளைக்கற பிட்டுங்க. இது சேலைங்க."

"எனக்கு வேற என்ன தெரியும்? தொழில் ஆரம்பிக்கறப்ப எதுக்காச்சும் வெக்கோணுமில்ல." கழற்றிய கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டார். "உள்முனைலதே வெச்சேன். கொசுவத்துக்குள்ள போயிருமேன்னு."

"அவங்க கட்டுனாத்தானுங்க உள்ள போகும். பிரிச்சதுமே கண்ணுல பட்டிருக்குது."

வெட்டி வைத்திருக்கும் வீடியோவைப் பற்றியும் சொன்னேன். அமுக்கினால் போதும், ஸ்டார் போய்விடும் என்றேன். நாளைச் சாயந்தரம் வரை நேரம் இருக்கிறது என்றேன். அவர் அமுக்கு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கொல்லைக்குப் போய் அந்த மஞ்சள் கிண்ணத்தைத் தேங்காய் நார் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். பெரிய எண்ணெய்ச் சட்டியைத் தேய்ப்பது போல அவ்வளவு நேரம். திரும்பி வந்தவர் ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணிலிருந்து காக்கிப் பையை இறக்கினார். ஜிப் ஓடுகிறதா என்று இழுத்துப் பார்த்தார். "சும்மா தூசு தட்டலாம்னு" என்றார்.

நான் மறுபடியும் போனை எடுத்தேன். இந்தத் தடவை அனுப்பிவிடுவது என்றுதான் எடுத்தேன். அனுப்புவதற்கு முன் அந்த அம்மாவின் போட்டோவை இன்னொரு தரம் பார்த்தேன். காலையிலிருந்து அதை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன், ஆனால் என் கண் அந்தப் பொட்டைத் தாண்டி எங்கும் போகவில்லை. இப்போது போனது. சேலை தரையிலோ கட்டிலிலோ இல்லை. ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் இருந்தது. ஓரத்தில் வெற்றிலை நுனி தெரிந்தது. ஒரு வாழைப்பழச் சீப்பின் காம்பு தெரிந்தது. தேங்காயின் குடுமி பாதி தெரிந்தது.

அது சீர்த்தட்டு. அந்தச் சேலையை யாரோ யாருக்கோ சபையில் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். வாங்கியவர்கள் பிரித்திருக்கிறார்கள். எல்லார் கண் முன்னாலும் மஞ்சள் பொட்டு மேலே வந்திருக்கிறது. அப்போது அங்கே யார் என்ன கேட்டிருப்பார்கள், கொண்டுபோனவள் எங்கே பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள் என்பதெல்லாம் எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. சபையில் நின்று தலையைக் குனிந்தவள் வீட்டுக்கு வந்து இந்த மூன்று வரியை எழுதியிருக்கிறாள். அவளைப் பார்த்து நான் மனசாட்சி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன்.

நான் பெரிய யோக்கியக்காரி என்று இதை எழுதவில்லை. என் கணக்கு வேறு. உண்மையைச் சொன்னால் கடை போகுமோ, அவர் வண்டிக்குப் போவாரோ என்று சில மாதம் பயப்படவேண்டும். பொய்யை அனுப்பினால், அந்தத் துண்டு வீடியோ எப்போது யார் கையில் கிடைக்குமோ என்று சாகிறவரைக்கும் பயப்படவேண்டும். என்னைப் போன்றவளுக்குப் பொய் கட்டுப்படி ஆகாது. இதையும் சேர்த்துத்தான் யோசித்தேன். ஆனால் அந்தத் தேங்காய்க் குடுமியைப் பார்க்காமல் இருந்திருந்தால், கணக்குப் போட்டிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

காலையில் எழுதிய பதிலை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். எழுத்துப்பிழை இருக்குமோ என்று அவரிடம் படித்துக் காட்டினேன். அவர் படித்தது ஆறாவது வரை.

"நான் முன்னால் எழுதியது தவறு. இந்தச் சேலை புதியது, யாரும் கட்டவில்லை. ஆனால் மஞ்சள் எங்கள் வீட்டில் வைத்ததுதான். என் வீட்டுக்காரர் போர்வெல் ரிக்கில் இருந்தவர். வேலை தொடங்கும் முன் மஞ்சள் வைத்துப் பழகியவர். முதல் பார்சல் என்று இதற்கும் வைத்துவிட்டார். வீடியோவைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. வாங்கியவர் மஞ்சள் வைக்கவில்லை, கட்டவும் இல்லை. அவர் எழுதியதில் பொய் இல்லை. சபையில் உங்களுக்குச் சங்கடம் ஆகியிருந்தால் எங்களை மன்னிக்க வேண்டும். மஞ்சள் இல்லாமல் வேறு சேலை அனுப்புகிறோம்."

"என்னைய எதுக்கு இழுக்கற?" என்றார்.

"பின்ன நான் வெச்சேன்னு எழுதட்டுங்களா?"

"எழுதுனா என்ன? ஆம்பளை மஞ்ச வெச்சான்னு ஊரே சிரிக்கும்."

"சிரிச்சாத்தானுங்க நம்புவாங்க. இதப் போயி யாரு சோடிச்சு எழுதுவாங்க?"

மறுநாள் கஸ்டமர் கேருக்கு மறுபடி போன் செய்து டிஸ்ப்யூட் வேண்டாம் என்றேன்.

"மேடம், வாபஸ் வாங்கினா திரும்பப் போட முடியாது மேடம். ஷ்யூரா?"

"எனக்கு எதுலயுமே ஷ்யூர் கெடையாதுங்க. நீங்க வாங்கிக்கங்க."

வெங்காயக் கலரிலேயே இன்னொரு சேலையை எடுத்து கெங்கவல்லிப் பக்கத்தில் இருந்த அந்த அம்மாவின் விலாசத்துக்கு அனுப்பினோம். அதைக் கவரில் போடும்போது அவர் அந்த அறைக்குள்ளேயே வரவில்லை. வாசலில் நின்று, "நான் இங்கதே நிக்கறேன், பாத்துக்கோ" என்றார்.

மூன்றாம் நாள் எங்கள் கடைப் பெயருக்கு மேல் ஒரு சிவப்புப் பட்டை வந்தது. கடை கண்காணிப்பில் இருக்கிறது, மார்க் ஏறாவிட்டால் மூடப்படும் என்று தமிழிலும் எழுதியிருந்தது. நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை அதைத் திறந்து பார்த்தேன் என்பதற்குக் கணக்கு இல்லை. ஆர்டர்கள் மெலிந்தன. ரிக் முதலாளியின் போன் வழக்கத்தைவிட முன்னதாகவே வந்தது. "ஆயுத பூஜை முடிச்சுச் சொல்றேனுங்க" என்றார் இவர். காக்கிப் பை பரணுக்குத் திரும்பாமல் கதவு மூலையிலேயே கிடந்தது. நான் அதைத் தாண்டித் தாண்டி வீடு கூட்டினேன்.

பத்து நாள் போயிருக்கும். மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து போன்.

"மஞ்சள் வச்சு சேலை அனுப்புனவங்களா?"

"ஆமாங்க. நீங்க?"

"மஞ்சள் வச்ச சேலையை வாங்குனவ. பார்சல்ல உங்க நம்பர் இருந்துச்சு. புதுச் சேலை வந்துச்சும்மா. பிரிச்சதும் நாலு முனையும் ஜன்னல்கிட்ட கொண்டுபோயி பாத்துட்டேன்."

"சுத்தமா இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சு, இருந்துச்சு." பின்னால் கோழிகள் சத்தம் கேட்டது. அந்த அம்மா கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "எங்க தம்பிக்கு நிச்சயம்மா. பொண்ணுக்கு வைக்கற சேலையை நான்தான் செல்லுல பாத்து எடுத்தேன். ஊட்டுக்காரரு அப்பவே சொன்னாரு, செல்லுல சேலை வாங்காதன்னு. பொண்ணோட அத்தை தட்டுலயே பிரிச்சுப் பாத்துட்டு, 'இது யாரு கட்டி அவுத்தது, முன்னாடி வேற எடத்துல வச்சுட்டுத் திரும்புன சேலையா'ன்னு கேட்டுட்டாங்க. அத்தனை பேரு முன்னாடி. எனக்கு அங்கயே பூமி பொளந்துக்கக் கூடாதான்னு இருந்துச்சு."

"மன்னிச்சுக்கங்க" என்றேன்.

"இருங்க, இன்னும் இருக்கு. அப்புறம் நீங்க எழுதுனீங்க பாருங்க, நானே மஞ்சள் வச்சுக் கட்டிட்டேன்னு. அதையும் எங்க ஊட்டுக்காரரு சத்தமா படிச்சுக் காட்டுனாரு. ரெண்டு நாளா ஊட்டுல யாருகிட்டயும் பேசலை நான்."

"பயத்துல எழுதிட்டனுங்க."

"எதுக்குப் பயம்?"

முன்பின் பார்க்காத ஒருவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மார்க், கோடு, முதுகு, ரிக் வண்டி, மூலையில் கிடக்கும் பை எல்லாம். அந்த அம்மா உச்சுக் கொட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ரெண்டாவதா எழுதுனீங்கல்ல, அதை எடுத்துட்டு நேரா பொண்ணு ஊட்டுக்கே போயிட்டேன்" என்றார். "அந்த அத்தைகிட்ட செல்லை நீட்டுனேன். படிச்சுட்டு, 'ரிக்குக்கு வக்கிற மஞ்சளைச் சேலைக்கு வச்சுட்டானா அந்த ஆளு'ன்னு சிரிச்சாங்க பாருங்க, கண்ணுல தண்ணி வந்துடுச்சு அவங்களுக்கு. ஊட்டுல எல்லாரையும் கூப்புட்டுப் படிச்சாங்க. புதுச் சேலையைப் பொண்ணே வாங்கி மஞ்சள் வச்சுக்கிச்சு. ஆமா, அந்த அண்ணன் இருக்காரா? குடுங்க."

கொடுத்தேன். அவர் போனைக் காதில் வைத்து, முதலாளி முன்னால் நிற்பது போல நின்றார். "ஆமாங்க... தப்புதானுங்க... இல்லீங்க, இனி வெக்கமாட்டனுங்க... சரிங்க... அப்படிங்களா?" கடைசியில் சிரித்துவிட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"அந்த மொத சேலையைத் திருப்பி அனுப்பிடறேன்னு நெனச்சுடாதீங்க" என்றார் அந்த அம்மா. "மஞ்சள்தான் வச்சாச்சே. நானே கட்டிக்கிட்டேன். தம்பி கல்யாணத்துக்கு நான் வேற எடுக்கணும், அதுவும் உங்ககிட்டதான்."

"எடுங்க சாமி, எடுங்க."

"ஸ்டாரையும் மாத்திட்டேன், பாருங்க. மூணு போட்டிருக்கேன். அஞ்சு எதிர்பாக்காதீங்க. ஒண்ணு மஞ்சளுக்குப் பிடிச்சுக்கிட்டேன். இன்னொண்ணு நீங்க மொதல்ல எழுதுனதுக்கு."

அது சரியான தண்டனை என்று எனக்கும் பட்டது. என்னுடையது ஒன்று, அவருடையது ஒன்று. வீட்டுக்காரர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "எனக்கு அர ஸ்டாரு புடிச்சிருந்தாப் போதும்" என்றார்.

மூன்று ஸ்டாருக்குக் கீழே அந்த அம்மா எழுதியிருந்தது இப்போதும் இருக்கிறது: "சேலை புதுசுதான். விற்கிறவர்கள் நடந்ததை மறைக்காமல் சொன்னார்கள்." அதைப் படித்துவிட்டு வாங்குகிறவர்கள் சில பேர் ஆர்டரோடு குறிப்பு அனுப்புகிறார்கள். "மஞ்சள் வேண்டாம்" என்று ஒருவர். "அண்ணன் மஞ்சள் வைத்தே அனுப்பட்டும், எனக்காகத்தான் எடுக்கிறேன்" என்று ஆத்தூரிலிருந்து இன்னொருவர். அப்படிக் கேட்டபோதுகூட அவர் வைக்கவில்லை. பயந்துவிட்டார். பயம் எங்கள் வீட்டில் இப்போது இரண்டு பேருக்கும் ஆயிற்று.

சிவப்புப் பட்டை ஆயுத பூஜைக்கு நாலு நாள் முன்னால் போனது. போய்விட்டதா, இல்லை என் போன்தான் பழுதா என்று அணைத்து அணைத்துப் பார்த்தேன். போய்த்தான் இருந்தது.

பூஜையன்று அவர் கத்தரிக்கோலுக்கும் டேப் வெட்டும் மெஷினுக்கும் தராசுக்கும் மஞ்சள் வைத்தார். சேலை அடுக்கின் பக்கம் போகவில்லை. அடுப்புக்கு வைக்கட்டுமா, பூட்டுக்கு வைக்கட்டுமா என்று கேலி வேறு. அப்போதுதான் ரிக் முதலாளியின் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"நாளைக்குக் காலைல வண்டி கெளம்புது. வாறியா, இல்லையா?"

நான் விபூதித் தட்டைக் கையில் வைத்தபடியே நின்றேன். அவர் மூலையில் கிடந்த பையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"இல்லீங்க. இங்க வேலை ஓடிட்டு இருக்குதுங்க."

"பொம்பளைங்களுக்குச் சேலை மடிக்கற வேலையா?"

"மடிக்கறது அவதானுங்க. எனக்கு இன்னும் மடிக்கத் தெரியலீங்க."

அந்தக் காக்கிப் பை இப்போது பார்சல் கவர் வைக்கிற பை. கவர் தீர்ந்தால் அதன் ஜிப்பைத்தான் இழுக்கிறேன். வீடியோ இப்போதும் ஒவ்வொரு பார்சலுக்கும் எடுக்கிறேன், எடுத்ததை முழுதாகப் பார்த்தும் விடுகிறேன். என் பங்குக்கு நான் "கிழிசல் இல்லீங்க, கறை இல்லீங்க" என்று சொல்லி முடித்ததும், ஓரத்திலிருந்து அந்தக் கறுத்த நகக் கை வரும். இரண்டு உள்ளங்கையையும் போன் பக்கம் விரித்து, திருப்பி, பத்து விரலையும் காட்டிவிட்டு, "மஞ்சளும் இல்லீங்க" என்று ஒரு குரல் சொல்லும். அதற்கப்புறம்தான் கவர் மூடுவோம்.